வலது சில்லின் கிறீஸ் மூடி

டிசம்பர் வந்தால் நீங்கள் எல்லோரும் வந்து இறங்குவீர்கள். கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து, மெல்பேர்னிலிருந்து. வெள்ளவத்தையில் அரைக் காற்சட்டையோடும் இரட்டைப் பின்னலோடும் திரிந்தவர்கள் இப்போது முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு வருவீர்கள். கடற்கரைப் பக்கம் நடந்துபோய், இருந்த வீடுகளைத் தேடி, அவை அடுக்குமாடிகளாகிவிட்டதைக் கண்டு என்னைத் திட்டுவீர்கள், ஏதோ நான்தான் நின்று இடித்தேன் என்பதுபோல. பிறகு என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பீர்கள்.

"உங்கட வீட்டுக்குக் கீழ ஒரு பச்சைக் கார் நிண்டதே, கூரை இல்லாதது. அது என்ன ஆச்சுது?"

"வித்தாச்சு" என்பேன். உடனே பிஸ்கட் தட்டை உங்கள் பக்கம் தள்ளிவிடுவேன்.

வித்ததென்னவோ உண்மைதான். ஆனால் இந்த வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருக்காகவும் நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆகவே நீங்கள் வருவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். நேரில் சொன்னால் எனக்கு அழுகை வரும், உங்கள் தேத்தண்ணியும் ஆறிப்போகும்.

கார் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் படித்து முடித்து, கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனிக் கந்தோரில் வேலை கிடைத்து, எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டவர். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்களுக்கு மேல்மாடி வாடகை வீடு. கீழே வீட்டுக்காரரின் பழைய கராஜ் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த இடத்தைப் பார்த்ததும் மாமாவுக்குக் கார் ஆசை வந்துவிட்டது. வேறு பொடியன்களுக்கு அந்த வயதில் கல்யாண ஆசை வரும், அல்லது வெளிநாட்டு ஆசை வரும். இவருக்கு இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, தட்டையான, பழைய இங்கிலிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பறங்கிக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு முற்றத்தில்தான் அந்தக் கார் நின்றது. வாங்கப் போனபோது மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பறங்கிக்காரர் சட்டை போடாமல் வந்து, காரின் முன்பக்கத்தைத் தடவி, இங்கிலிஷில் ஏதோ சொன்னார். அவருடைய மனைவி வாசலில் நின்று மூக்கைத் துடைத்தார். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கேக் துண்டு கிடைத்தது, அதில் பிளம்ஸ் இருந்தது.

திரும்பி வந்த பயணத்தை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். கூரை இல்லை. கோட்டையைத் தாண்டிக் காலிமுகத்திடலுக்கு வந்ததும் கடற்காற்று முகத்தில் அறைந்தது. என் பின்னல் அவிழ்ந்துவிட்டது. சில்லுகளில் சைக்கிள் கம்பிபோலக் கம்பிகள் மின்னின. சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரன்கூடக் காரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடையாள அட்டையைக் கேட்காமலே கையைக் காட்டி விட்டான். "பாத்தியே பிள்ளை, இந்தக் கார் இருந்தா எங்களை ஒருத்தரும் மறிக்கமாட்டினம்" என்று மாமா கத்தினார். சண்டைக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியன் அவ்வளவு சத்தமாகத் தமிழில் கத்தியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்பா பல்கனியில் நின்று பார்த்தார். அவர் அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பகுதி. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத களிசான்.

"மழை வந்தா குடை காருக்குப் பிடிக்கிறதோ, ஆளுக்குப் பிடிக்கிறதோ?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் பிடிக்கலாம் அத்தான்."

"குடும்பம் ஏத்த ஏலாத கார் ஒரு காரே?"

"குடும்பம் இனித்தானே அத்தான்" என்றார் மாமா. அம்மா குசினியிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது, என்ன செய்ய.

அப்பாவைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். நல்ல மனிதர். ஒருவரிடமும் கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது என்று நம்பினவர். அவர் சிங்களம் பேசினால் பஸ் கொண்டக்டர்மார் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு இலக்கணமாக இருக்கும். ஒழுங்காக உடுத்து, ஒழுங்கான பாஷையில், ஒழுங்காக விளக்கம் சொன்னால் எந்த அதிகாரியும் கேட்பார் என்பதுதான் அவருடைய உண்மையான சமயம். உங்கள் அப்பாமாரும் அப்படித்தான் இருந்தார்கள். சாமி அறையில் எந்தப் படம் தொங்கினாலும் கும்பிட்டது இதைத்தான்.

அந்த வருஷம் எங்கோ ஏதோ வெடித்தது என்று பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். உங்களில் பலர் அப்போதுதான் பெட்டி கட்டத் தொடங்கினீர்கள். எனக்கு விளையாட ஆளில்லை. சனி ஞாயிறுகளில் கீழே கராஜில் மாமாவோடுதான் கிடந்தேன். கடல் கிட்ட என்பதால் உப்புக் காற்றில் காரில் எந்த இடத்தைத் தொட்டாலும் துருதான். கராஜ் முழுக்க மண்ணெண்ணெய் வாசம், கிறீஸ் வாசம், மாமாவின் சிகரெட் வாசம். சிகரெட்டைப்பற்றி அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று எனக்கு ரொபி இனிப்புத் தருவார். அம்மாவுக்கு அது முதல் நாளே தெரியும்.

ஒருநாள் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது இடது முன்சில்லிலிருந்து உறுமல் சத்தம் கேட்கத் தொடங்கியது. பெயாரிங் போய்விட்டது என்றார் மாமா. முன்பக்கத்தை உயர்த்திக் கட்டைகளில் நிறுத்தி, இரண்டு முன்சில்லுகளையும் கழற்றிச் சுவரில் சாத்தினார். சில்லுக் கழன்ற இடத்தில் குழாய்போல ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு சின்னத் தகர மூடி, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி. அதுதான் கிறீஸ் மூடி. அதற்குப் பின்னால்தான் பெயாரிங். மூடி வந்தால்தான் மற்ற எல்லாம் வரும்.

நான் ஸ்குரூட்ரைவரை எடுத்து நீட்டினேன்.

"சீ, நெம்பக் கூடாது. அடிக்கவும் கூடாது" என்றார். "உள்ளுக்க ஆழமா இருக்கிறதாலை பிடி கிடைக்காது. அடிச்சா இன்னும் இறுகும். நல்லாப் பார், நடுவில என்ன தெரியுது?"

மூடியின் நடுவில் ஒரு ஓட்டை. துருவும் பழைய கிறீஸும் அடைத்துக் கறுப்பாக இருந்ததால் பார்த்தால் தெரியாது. மாமா ஒரு ஊசியால் அதைக் கிண்டித் துப்புரவாக்கினார். பிறகு ஒரு நீளப் போல்ட்டை எடுத்து அந்த ஓட்டையில் வைத்து விரலால் முறுக்கினார். அது புரி ஏறி உள்ளே போனது.

"உன்ர தோட்டுச் சுரை முறுக்கிற மாதிரித்தான். போல்ட் உள்ளுக்கப் போய் அச்சில முட்டும். முட்டின பிறகும் முறுக்கினா அதுக்குப் போக இடமில்லை. அப்ப மூடி தானா வெளிய வரும். இந்தா ஸ்பானர், நீ முறுக்கு."

நான் முறுக்கினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூடி அசைந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, போத்தல் அடைப்பான் கழர்வதுபோல ஒரு சத்தத்தோடு என் கையில் விழுந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் பழைய கிறீஸ். என் சட்டையெல்லாம் பூசிக்கொண்டு மேலே ஓடிப்போய் அம்மாவுக்குக் காட்டினேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்னடா பழக்கிறாய்" என்று தம்பியைத்தான் அம்மா ஏசினார்.

மாமா பெயாரிங்கை வெளியே எடுத்தார். அது உடைந்து, உள்ளே இருந்த இரும்பு உருண்டைகள் பேப்பரில் சிதறின. நாம் அடித்து விளையாடிய போளை அளவுகூட இல்லை, அதைவிடச் சின்னது. ரின்பால் பேணியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினோம். சில உருண்டைகளில் பூச்சி அரித்ததுபோலப் பள்ளம். மற்றவை பளபளவென்று இருந்தன.

புதுப் பெயாரிங் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டும். பழைய கார்ச் சாமான் என்றால் கொழும்பில் எல்லோரும் அங்கேதான் போவார்கள். அங்கே முறை என்னவென்றால், பழையதைக் கையில் கொண்டுபோய்க் கடைக்காரரின் மேசையில் வைக்கவேண்டும். அவர் பார்த்துவிட்டு உள்ளே போய் அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து வருவார். நாடு முழுக்க அப்படித்தான் சாமான் வாங்கினார்கள்.

காலை சாப்பாட்டு மேசையில் மாமா சொன்னார், "அளவு எனக்குத் தெரியும், பேப்பரில எழுதிக்கொண்டு போறன்."

அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வெறுங்கையோட போனா எதையாவது தலையில கட்டி விட்டிடுவாங்கள் தம்பி. மூடியையும் அந்த உருண்டையளையும் சாம்பிளுக்குக் கொண்டு போ. எதையும் ஒழுங்காச் செய்யவேணும்."

"சரி அத்தான்."

அம்மா இடியப்பம் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? கார்ச் சாமானைக் கார்ச் சாமான் கடைக்குக் கொண்டு போகிறான். மாமா மூடியையும் உருண்டைகளையும் ஒரு ஷொப்பிங் பையில் சுற்றிக் களிசான் பொக்கெற்றில் வைத்தார். "பின்னேரம் மற்றப் பக்கத்தையும் கழட்டுவம், அப்ப நீதான் பெரிய பாஸ்" என்று என் தலையில் தட்டிவிட்டு, மருதானைப் பஸ் பிடிக்கப் போனார்.

காரில் போயிருந்தால் மறித்திருக்கமாட்டார்கள். கார் கட்டையில் நின்றது.

மத்தியானம் வரவில்லை. பின்னேரமும் வரவில்லை. பொழுது படுகிற நேரம் அப்பா வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். திரும்பி வந்து கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார். வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். மாமாவின் பொக்கெற்றிலிருந்து இரும்பு உருண்டைகளும் கிறீஸ் பூசிய தகரக் கிண்ணமும் வந்திருக்கின்றன. வயது இருபத்தைந்துக்குள், பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த நாட்களில் குண்டுகளுக்குள் இரும்பு உருண்டைகளைத்தான் அடைத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார்.

"பயப்பிடாதையும்" என்றார் அப்பா. "இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன். நான் எல்லாம் விளக்கமாச் சொன்னனான். நாளைக்கு அவரே வாறார், காரைப் பாக்க. இது கார்ச் சாமான்தான் எண்டு காட்டினா விட்டிடுவன் எண்டு சொன்னவர். காட்டினாச் சரி."

அவர் அதை நம்பினார். நாங்களும் நம்பினோம். இன்ஸ்பெக்டரும் உண்மையாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஏன் வந்தார்?

மறுநாள் காலை ஒழுங்கைக்குள் ஜீப் வந்த சத்தம் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கொளுக்கியைப் போட்டார். அந்த அறைக்கு நேர் கீழேதான் கராஜ். பலகைத் தரை. கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும்.

அப்பா வரவேற்றார். கழன்று கிடந்த இடது பக்கத்தைக் காட்டினார். மூடி இங்கே இருந்தது, பெயாரிங் இங்கே இருந்தது என்று அழகான சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இது வெறும் ஓட்டையாகத்தானே இருக்கிறது, அந்த உருண்டைகள் இதற்குள்ளிருந்துதான் வந்தன என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். வலது பக்கம் கழற்றாமல்தானே இருக்கிறது, அதைக் கழற்றுங்கள், அதற்குள்ளும் இதே மாதிரி உருண்டைகள் இருந்தால் சரி, நான் போய்ப் பொடியனை விட்டுவிடுகிறேன் என்றார்.

"ஓம், நிச்சயமாக" என்றார் அப்பா. அவருடைய குரலில் சந்தோசம் தெரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார்.

பிறகு சுத்தியல் சத்தம் கேட்டது.

முதல் அடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்பா ஸ்குரூட்ரைவரை மூடியின் விளிம்பில் வைத்து அடிக்கிறார்.

"அம்மா, அப்பா அடிக்கிறார். அடிச்சா வராது. நடுவில ஓட்டை இருக்கு. போல்ட்டை முறுக்கவேணும்."

"சத்தம் போடாதை."

"போல்ட் ரின்பால் பேணிக்குள்ள கிடக்கு அம்மா. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். மாமா எனக்குக் காட்டினவர்..."

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. "அதைச் சொல்லாதை" என்று என் காதுக்குள் சொன்னார். "மாமா காட்டினவர் எண்டு சொல்லாதை. வேற என்ன காட்டினவர், வேற என்ன பழக்கினவர் எண்டு உன்னையும் கொண்டு போய்க் கேப்பாங்கள். நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஒண்டும் தெரியாது. விளங்குதே? உனக்கு ஒண்டும் தெரியாது."

கையில் வெங்காய வாசம் இருந்தது. நான் திமிறினேன், அம்மா இறுக்கிப் பிடித்தார். நான் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து மற்றக் கையால் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெண்பிள்ளைகளைப்பற்றி அந்தக் காலத்தில் என்னென்ன கதைகள் உலாவின என்று உங்களுக்குத் தெரியும். இருந்த ஒரே தம்பி ஏற்கெனவே போய்விட்டான், பிள்ளையையாவது வைத்துக்கொள்வோம் என்று நினைத்த ஒரு தாயின் கை அது. ஆனால் அந்தக் கைக்குள்ளேதான் மாமாவைத் திருப்பிக் கொண்டுவரக்கூடிய வார்த்தை இருந்தது.

கீழே அடி தொடர்ந்தது. "இன்னும் ஒரு நிமிஷம் சேர்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பொலிஸ்காரர் ஒருவரும் குறடோடு வந்து முயன்று பார்த்தார். அவருக்கும் பிடி கிடைக்கவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், கூட்டி வருகிறேன் என்று அப்பா கெஞ்சினார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஜீப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. எங்கேயோ வரச்சொல்லி அழைப்பு.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "மாத்தயா நல்ல சிங்களம் பேசுகிறீர்கள்" என்றார். "ஆனால் இது கழராத சாமான். கழராத சாமானை உங்கள் மைத்துனர் எப்படிக் கழற்றிப் பொக்கெற்றில் வைத்தார்?"

ஜீப் போய்விட்டது.

அம்மா கொளுக்கியை எடுத்ததும் நான் படியால் விழுந்தடித்து ஓடினேன். அப்பா கராஜ் தரையில் இருந்தார். பெருவிரலில் இரத்தம், வெள்ளைச் சட்டையில் கிறீஸ். மூடியின் விளிம்பு நசுங்கியிருந்தது. நடு தப்பியிருந்தது. நான் ஊசியை எடுத்துக் கறுப்பைக் கிண்டினேன். பேணிக்குள் கைவிட்டுப் போல்ட்டை எடுத்து வைத்து முறுக்கினேன். பிறகு ஸ்பானரால் முறுக்கினேன். நசுங்கிய மூடி கோணலாக, மெதுவாக வெளியே வந்தது. உள்ளே கிறீஸுக்கு நடுவில் பெயாரிங் முழுசாக இருந்தது. விரலால் வழித்தபோது உருண்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

அப்பா அதைப் பார்த்தார். அம்மா கடைசிப் படியில் நின்று பார்த்தார்.

பிறகு அப்பா மூடியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் காலி வீதிக்கு ஓடினார். எங்கள் அப்பா ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொலிஸில் இன்ஸ்பெக்டர் இல்லை. மாமாவை மத்தியானத்துக்கு முன்பே வேறு பிரிவு வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். எங்கே என்று கேட்டதற்கு, தெரியாது என்றார்கள். நெடுநேரம் அங்கே வாங்குப் பலகையில் இருந்துவிட்டுக் கையில் மூடியோடு வீட்டுக்கு வந்தார்.

அதன்பிறகு போன இடங்களையெல்லாம் எழுதப் போவதில்லை. உங்களில் சிலரும் அதே இடங்களுக்குத்தான் போனீர்கள், அதே வரிசையில்தான் நின்றீர்கள். மாமா எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒப்பந்தம் வந்தது, சண்டை வந்தது, மறுபடி ஒப்பந்தம், மறுபடி சண்டை. மாமா வரவேயில்லை.

"நீங்கள்தானே கொண்டுபோகச் சொன்னனீங்கள்" என்று அம்மா ஒரேயொரு தரம் சொன்னார், சோறு போட்டுக்கொண்டிருந்தபோது. அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார். தன் கையைப்பற்றி அம்மா ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் நான் பெரியவளான பிறகும், பேசும்போது என் முகத்துக்குக் கிட்ட அம்மாவின் கை வராது. தலை வாரிவிடுவதையும் நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் திறந்தபோது பின்னல் போட நானே பழகிக்கொண்டேன்.

காரை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா விற்கவில்லை. அவரே பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பெயாரிங் வாங்கி வந்தார். இரண்டு பக்கத்துக்கும் புதுமூடி போட்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலையில் சாரத்தைக் கட்டிக்கொண்டு கராஜுக்குப் போவார். போல்ட்டை வைத்து முறுக்கி இடது மூடியைக் கழற்றுவார், வலது மூடியைக் கழற்றுவார். கிறீஸைத் துடைத்துப் புதுக்கிறீஸ் வைப்பார். ஒரு பலகைத் துண்டை வைத்துத் தட்டி மூடியைத் திரும்பப் பூட்டுவார். கார் ஓடவில்லை. அதற்கு யாரும் பெற்றோல்கூட ஊற்றவில்லை. வைத்த கிறீஸ் வைத்தபடியே இருக்கும், அவர் அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்.

அக்கம்பக்கத்தில் அப்பாவுக்குப் பழைய கார்ப் பைத்தியம் என்று சொன்னார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தேன், காரை மாமாவுக்காகப் பாதுகாக்கிறார் என்று. ஒரு ஞாயிறு தேத்தண்ணி கொண்டுபோனபோதுதான் கவனித்தேன். கழற்றும்போது அவர் வாய்க்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆர் பாக்க வரப்போகினம்?" என்று அம்மா மேலேயிருந்து கேட்பார்.

"வந்தா?" என்பார் அப்பா.

சண்டை முடிந்தது. வீட்டுக்காரரின் மகன் வீட்டை இடித்து மாடி கட்டப்போவதாகச் சொன்னார். நாங்கள் வேறு இடம் பார்த்தோம். அங்கே கராஜ் இல்லை. அப்பாவுக்கு அப்போது நல்லா வயது போய்விட்டது. சில நாள் நல்ல தெளிவு, சில நாள் கந்தோருக்குப் போகவேண்டும் என்று களிசான் கேட்பார். காரை விற்கிறோம் என்றபோது மறுக்கவில்லை. தலையை ஆட்டினார்.

வாங்க வந்தவர் ஒரு சிங்களப் பொடியன். நல்ல பிள்ளை. பழைய கார்களைத் தேடித் தேடித் திருத்துகிறவர். எங்கள் ஊர்ப் பொடியன்களைப்போலவே சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார், துருவைச் சுரண்டினார். பிறகு முன்சில்லுக் கழற்றியிருந்த இடத்தில் குனிந்து, மூடி எவ்வளவு புதுசாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா படியால் இறங்கி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொடியனுக்கு முன்னால் முழங்காலில் நின்று போல்ட்டை வைத்தார். புரி பிசகாமல் ஏறியது. முறுக்கிக்கொண்டே அவருடைய பழைய, அழகான சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். இதோ இந்த ஓட்டை, சேர். இதில்தான் முறுக்கவேண்டும். அடித்தால் வராது. கழரக்கூடிய சாமான்தான் சேர், பாருங்கள்.

"தன்னவா அங்கிள்" என்றார் பொடியன் மரியாதையாக. தெரியும் என்று.

மூடி அப்பாவின் கையில் விழுந்தது. அதைத் தூக்கிக் காட்டினார். பிறகு உள்ளே கிறீஸை விரலால் வழித்து உருண்டைகளைக் காட்டினார். "மே காரெக்கே பாட் எக்கக் சேர். வென தெயக் நெமெய்." இது காரின் சாமான் சேர், வேறு ஒன்றுமில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பொடியன் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கவும் வழியில்லை. அந்தக் காலத்தில் அவர் பிறந்திருக்கவே மாட்டார். ஆனால் கிழவர் கையைக் கூப்புவதைக் கண்டு பதறிப்போய், ஓம் அங்கிள், கார்ச் சாமான்தான், நான் நம்புகிறேன் என்று சொன்னார்.

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அப்படியென்றால் பொடியனை விட்டுவிடுங்கள் சேர்" என்றார், சிங்களத்தில்.

அம்மாதான் படியால் இறங்கி வந்தார், சுவரைப் பிடித்துப் பிடித்து. அப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்து, கிறீஸ் பூசியிருந்த கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ஓம். விட்டிட்டினம்" என்றார். "அவன் வீட்டை வாறானாம். நீங்கள் எழும்புங்கோ."

அப்பா எழும்பினார்.